உடற்கொழுப்பு விழுக்காடு: எந்த அளவை எவ்வளவு நம்பலாம்?

உடற்பயிற்சிக் கூடங்களிலும் மருந்தகங்களிலும் கொழுப்பு அளக்கும் தராசுகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. வெறுங்காலுடன் ஏறி நின்றால் போதும். சில நொடிகளில் எடையோடு சேர்த்து உடற்கொழுப்பு விழுக்காட்டையும் காட்டிவிடுகின்றன. வீட்டுக்கு வாங்கி வைத்திருப்பவர்களும் பலர்.

உடம்பைக் குறைக்க நினைக்கும் பெரியவருக்கு அந்த எண் ஒரு தகவல். ஆனால், பள்ளிக்காக ஓடுகிற, மாவட்டத்துக்காகக் கபடி ஆடுகிற, டேக்வாண்டோ அல்லது குத்துச்சண்டையில் எடைப் பிரிவுக்குத் தயாராகிற பிள்ளைக்கு அது கட்டளையாகவே மாறிவிடுகிறது. "உனக்கு 14 விழுக்காடு இருக்கிறது, 8-க்கு வர வேண்டும்" என்று பயிற்றுநர் சொல்லிவிட்டால் அன்றிரவே சோறு குறையத் தொடங்கும்.

அந்த 14 என்ற எண் உண்மையில் 10 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். கருவி பழுதாக இருப்பதால் வரும் வேறுபாடு அல்ல இது. நன்றாக வேலை செய்யும் கருவியிலும் இவ்வளவு வேறுபாடு வரும். அது ஏன் என்பதையும், அப்படியானால் விளையாட்டாளர்களும் பெற்றோர்களும் அந்த எண்ணை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் பார்ப்போம்.

எல்லாமே மதிப்பீடுதான்

உயிரோடு இருக்கும் ஒருவரின் உடலில் உள்ள கொழுப்பை நேரடியாக நிறுத்துப் பார்க்க வழி இல்லை. இறந்தவரின் உடலைப் பகுத்து, திசு திசுவாகப் பிரித்து எடை போட்டால்தான் அது முடியும். அப்படிச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் நடந்த ஆய்வு அவற்றில் புகழ்பெற்றது. தோல், கொழுப்பு, தசை, எலும்பு என 25 சடலங்களைப் பிரித்து நிறுத்து, 1984இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள்.

மற்ற எல்லா முறைகளும் வேறு எதையோ அளக்கின்றன. ஒரு முறை உடலின் கன அளவைப் பார்க்கிறது. இன்னொன்று தோல் மடிப்பின் தடிமனைப் பார்க்கிறது. மற்றொன்று மின்சாரம் உடலில் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. அந்த அளவை ஒரு சூத்திரத்தில் போட்டு, "இவ்வளவு கொழுப்பு இருக்கக்கூடும்" என்று கணக்கிட்டுச் சொல்கின்றன. அளவெடுப்பதில் ஒரு பிழை வரும், சூத்திரத்தில் இன்னொரு பிழை வரும். திரையில் தெரியும் எண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பிஎம்ஐ ஏன் போதாது?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ, கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. விளையாட்டாளர்களிடம் இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்து ஆளை எடைபோடுவதன் கோளாறு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வெளிப்பட்டது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, அமெரிக்கக் காற்பந்து ஆடும் 25 தொழில்முறை வீரர்களை 1942இல் ஆராய்ந்தார். அன்றைய உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் படையில் சேர முடியாத அளவுக்கு எடை மிகுந்தவர்கள். நீருக்கடியில் எடை பார்த்தபோது, அந்த 17 பேரில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு குறைவு, தசைதான் அதிகம் என்று தெரியவந்தது.

நம் வட்டாரத்தில் பிரச்சினை நேர்மாறாகவும் வருகிறது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரையும் அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பிஎம்ஐ குறைவாக இருந்தும் கொழுப்பு விழுக்காடு அதிகமாக இருப்பதைக் கண்டது. ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால் இந்தியருக்குக் கொழுப்பு கூடுதலாக இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்காக 23, 27.5 என்ற கூடுதல் எல்லைகளை 2004இல் பரிந்துரைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

விளையாட்டாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஐரோப்பியரையோ அமெரிக்கரையோ அளந்து எழுதிய சூத்திரம், நம் பிள்ளைகளின் உடல்வாகுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நீருக்கடியில் எடை பார்த்தல்

பல பத்தாண்டுகளாக இதுவே அளவுகோலாக இருந்து வந்தது. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு நீருக்குள் மூழ்கி அசையாமல் அமர வேண்டும். தரையில் உள்ள எடைக்கும் நீருக்குள் உள்ள எடைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து உடலின் கன அளவும், அதிலிருந்து அடர்த்தியும் கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் இதன் அடிப்படை.

அடர்த்தியைக் கொழுப்பாக மாற்ற, வில்லியம் சிரி 1961இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. 495-ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து, விடையிலிருந்து 450-ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு வரும். அடர்த்தி 1.07 என்றால் கொழுப்பு 12.6 விழுக்காடு.

இந்தக் கணக்கு ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பு நீங்கிய மற்ற எல்லாவற்றின் அடர்த்தியும் 1.1 என்று வைத்துக்கொள்கிறார்கள். கொழுப்பின் அடர்த்தி ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. மற்றதோ எலும்பின் கனத்தையும் உடலில் உள்ள நீரையும் பொறுத்து மாறும். எலும்பு மிகவும் உறுதியான சில விளையாட்டாளர்களுக்கு இந்தச் சூத்திரத்தில் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் முழுமையாக இறுகாததால், கொழுப்பு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

மூச்சும் கணக்கைக் கெடுக்கும். எவ்வளவுதான் மூச்சை விட்டாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கும் மேல் காற்று தங்கிவிடுகிறது. அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் காற்றைக் கணக்கிடுவதில் 100 மில்லிலிட்டர் தவறினால் விடை 0.7 விழுக்காடு மாறும். அரை லிட்டர் தவறினால் 3.5 விழுக்காடு மாறும். நீருக்குள் பயந்து பாதி மூச்சை அடக்கிக்கொள்பவருக்கு இந்தத் தவறு எளிதில் நேரும்.

போட் பாட் எனப்படும் முட்டை வடிவக் கூண்டு, நீருக்குப் பதில் காற்றைக் கொண்டு கன அளவைக் கணக்கிடுகிறது. மூழ்க வேண்டிய சிரமம் இல்லை. ஆனால், தலைமுடியிலும் துணியிலும் சிக்கியிருக்கும் காற்று கணக்கைக் குலைத்துவிடும். அதனால்தான் இறுக்கமான நீச்சல் உடையும் தொப்பியும் அணியச் சொல்கிறார்கள். அடர்த்தியை விழுக்காடாக மாற்றும் சூத்திரத்தில் உள்ள குறை இதிலும் அப்படியே இருக்கிறது.

முறையாகச் செய்தாலும் இவ்விரண்டிலும் ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம்.

தோல் மடிப்பு முறை

தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் விரலால் பிடித்துத் தூக்கி, கேலிப்பர் எனப்படும் இடுக்கி போன்ற கருவியால் தடிமனை மில்லிமீட்டரில் அளப்பது இம்முறை. நல்ல கேலிப்பர், மடிப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்ற ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். மலிவான பிளாஸ்டிக் கருவியில் அந்த உறுதி கிடையாது.

கிளாஸ்கோவில் 16 முதல் 72 வயது வரையுள்ள 481 ஆண்களையும் பெண்களையும் அளந்து டர்னின், வோமர்ஸ்லி இருவரும் 1974இல் வெளியிட்ட சூத்திரம் உலகெங்கும் பரவியது. மேல்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பு எலும்பின் மேல் என நான்கு இடங்களில் அது அளக்கிறது. 1978இல் ஜாக்சன், போலக் இருவரும் ஆண்களுக்காக மூன்று இடங்கள், ஏழு இடங்கள் என்று வேறு சூத்திரங்களைத் தந்தார்கள். பெண்களுக்கானது 1980இல் வந்தது. ஒரே ஆளின் ஒரே அளவுகளை வெவ்வேறு சூத்திரங்களில் போட்டால் வெவ்வேறு விடைகள் வரும்.

இந்தச் சூத்திரங்கள் எல்லாம் நீருக்கடியில் எடை பார்த்து வந்த விடையோடு ஒப்பிட்டு எழுதப்பட்டவை. ஆகவே, அந்த முறையின் பிழையும் இவற்றுக்குள் வந்துவிடுகிறது. அதோடு, உடலின் கொழுப்பில் ஒரு பகுதிதான் தோலுக்கு அடியில் இருக்கிறது. மீதி வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் தசைகளுக்கு இடையிலும் இருக்கிறது. அதைக் கேலிப்பரால் தொட முடியாது. விழுக்காடாக மாற்றினால் 3.5 முதல் 4 வரை முன்பின் இருக்கும். பழக்கம் இல்லாதவர் அளந்தால் இன்னும் கூடும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலே அளவு மாறிவிடும்.

இருப்பினும், விளையாட்டுத் துறை வல்லுநர்கள் இம்முறையைக் கைவிடவில்லை. 1986இல் தொடங்கப்பட்ட அனைத்துலக உடலளவியல் சங்கமான ஐசாக், எட்டு இடங்களை வரையறுத்து, எங்கே எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். பிறகு எட்டு அளவுகளையும் கூட்டி, "மொத்தம் 62 மில்லிமீட்டர்" என்பதுபோல் அப்படியே குறித்துக்கொள்வார்கள். விழுக்காடாக மாற்றுவதே இல்லை. சூத்திரம் இல்லாததால் சூத்திரத்தின் பிழையும் இல்லை. மூன்று மாதம் கழித்து அதே ஆள் அளந்து 55 வந்தால், கொழுப்பு குறைந்திருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம்.

மின்தடைத் தராசு

வீட்டிலும் ஜிம்மிலும் உள்ள தராசுகள் இந்த வகை. உடம்புக்குத் தெரியாத அளவு சிறிய மின்சாரத்தைக் காலிலோ கையிலோ செலுத்துகின்றன. தசையில் நீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதில் பாயும். கொழுப்பு தடுக்கும். தடையின் அளவிலிருந்து உடலில் உள்ள நீரையும், கொழுப்பு நீங்கிய உடலில் 73 விழுக்காடு நீர் என்ற ஊகத்தின் வழியாகக் கொழுப்பையும் கணக்கிடுகின்றன. அதனுடன் நாம் பதிவுசெய்யும் உயரம், வயது, பாலினம் ஆகியவையும் சேர்கின்றன. திரையில் வரும் எண்ணில் ஒரு பகுதி, அந்த உயரமும் வயதும் உள்ள சராசரி ஆளைப் பற்றிய ஊகம்தான்.

காலில் மட்டும் ஏறி நிற்கும் தராசில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். வயிற்றுப் பகுதியை அது சரியாகப் பார்ப்பதில்லை. கையில் பிடிக்கும் கருவி மேல் உடலை மட்டுமே பார்க்கிறது. கை, கால் இரண்டிலும் தொடும் கருவிகள் அவற்றைவிட மேலானவை.

நீரை நம்பி அளக்கும் முறை என்பதால் நீர் மாறினால் விடையும் மாறும். உடலில் நீர் வற்றியிருந்தால் தடை கூடி, கொழுப்பு அதிகமாகத் தெரியும். பயிற்சி முடிந்த கையோடு ஏறினால் தோல் சூடாகி இரத்த ஓட்டம் கூடியிருக்கும். அப்போது கொழுப்பு குறைவாகத் தெரியலாம். ஒரு பெரிய போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே ஏறினால், வயிற்றில் உள்ள அந்தத் தண்ணீரின் எடையைக் கருவி கொழுப்பின் கணக்கில் சேர்த்துவிடும். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் உடலில் நீர் தேங்குவதும் கணக்கை மாற்றும்.

சில தராசுகளில் விளையாட்டாளர்களுக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் சூத்திரம் மாறி, அதே உடம்புக்குப் பல விழுக்காடு குறைவான விடை வரும். உடம்பு மாறவில்லை, ஊகம்தான் மாறியது. பொதுவாக இம்முறையில் 3.5 முதல் 5 விழுக்காடு வரை முன்பின் இருக்கும்.

டெக்ஸா

எலும்பு அடர்த்தியைப் பார்க்க மருத்துவமனைகளில் உள்ள கருவி இது. ஆற்றல் அளவு மாறுபட்ட இரண்டு எக்ஸ்ரே கதிர்களை உடல் முழுவதும் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்றத் திசு என மூன்றாகப் பிரிக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆயினும் கருவுற்ற பெண்களுக்கு இதைச் செய்வதில்லை. கை, கால், நடுவுடல் என்று தனித்தனியாகக் காட்டுவதும், திரும்ப அளந்தால் விடை அதிகம் மாறாததும் இதன் பலம்.

இதுவே முடிந்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், எலும்பு உள்ள இடங்களில் அதன் மேலும் கீழும் உள்ள கொழுப்பைக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. பக்கத்துத் திசுவைப் பார்த்து ஊகிக்கிறது. ஒரு நிறுவனத்தின் கருவியில் வரும் விடை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் வருவதில்லை. மென்பொருளை மாற்றினாலும் விடை மாறும். சாப்பிட்ட உணவும் குடித்த நீரும் கொழுப்பற்ற திசுவின் கணக்கில் சேரும். கூடைப்பந்து வீரரைப் போன்ற மிக உயரமானவர்கள் படுக்கைக்குள் அடங்குவதில்லை.

அடர்த்தி, உடல் நீர், எலும்பின் தாது ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து சேர்க்கும் நான்கு கூறு முறைதான் இன்று ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன சிங்கப்பூர் ஆய்விலும் அதுவே பயன்பட்டது. செலவும் நேரமும் அதிகம் என்பதால் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அது வருவதில்லை. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் அமைத்த பணிக்குழு 2012இல் எல்லா முறைகளையும் அலசி, எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்ற கருத்தையே வெளியிட்டது.

முன்பின் 4 என்றால் என்ன?

"பிழை 4 விழுக்காடு" என்றவுடன், 14 என்ற விடை 13.5 ஆகவோ 14.5 ஆகவோ இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி அல்ல. 14-இலிருந்து 4-ஐக் கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும். அதாவது, 10 முதல் 18 வரை. அந்த எல்லைக்குள்ளும் மூன்றில் இரண்டு பங்கினர்தான் அடங்குவர். மூன்றில் ஒருவருக்கு உண்மை அளவு அதற்கும் வெளியே இருக்கும்.

துல்லியம் என்பது வேறு, சீராகக் காட்டுவது என்பது வேறு. மளிகைக் கடைத் தராசு ஒன்று எப்போதும் 100 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தரும் எடை தவறு. ஆனால், நேற்றைய மூட்டையைவிட இன்றைய மூட்டை அதிகமா குறைவா என்று அதில் சரியாகச் சொல்லிவிடலாம். கொழுப்புக் கருவிகளும் அப்படித்தான். ஒரே கருவி, ஒரே ஆள், ஒரே சூழ்நிலை என்றால் மாற்றத்தை ஓரளவு நம்பலாம். மருந்தகத் தராசில் 18, டெக்ஸாவில் 21 என்று வந்தால், கொழுப்பு 3 விழுக்காடு ஏறிவிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது.

ஒரு கணக்கு, ஓர் ஆபத்து

இந்தப் பிழை எங்கே கேடு செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள இளைஞருக்குத் தராசு 14 விழுக்காடு காட்டுகிறது. அப்படியானால் கொழுப்பு 9.8 கிலோ, மற்றது 60.2 கிலோ. 8 விழுக்காடுதான் இலக்கு என்று பயிற்றுநர் கணக்குப் போட்டால், எடை 65.4 கிலோவுக்கு இறங்க வேண்டும்.

உண்மையில் அந்த இளைஞருக்கு 10 விழுக்காடுதான் என்றால் கொழுப்பு நீங்கிய எடை 63 கிலோ. அவர் தசையை இழக்காமல் 65.4 கிலோவுக்கு இறங்கினால் மிஞ்சும் கொழுப்பு 2.4 கிலோ. அது 3.7 விழுக்காடு. ஆணின் மூளை, நரம்பு, எலும்பு மச்சை, உள்ளுறுப்புகள் ஆகியவை இயங்கத் தேவைப்படும் அடிப்படைக் கொழுப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு. அந்த விளிம்பில் போய் நிற்கிறார். நடைமுறையில் அங்கே போவதற்குள் தசையையும் நீரையும் இழந்து, பலம் குன்றிப் போவார்.

பெண்களுக்கு அடிப்படைக் கொழுப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு. 52 கிலோ எடையுள்ள ஓட்டக்காரிக்குத் தராசு 22 காட்டி, 16 வேண்டும் என்று சொன்னால் இலக்கு எடை 48.3 கிலோ. உண்மையில் அவருக்கு 18 என்றால், அந்த எடையில் மிஞ்சுவது 11.7 விழுக்காடுதான். அடிப்படைக்கும் கீழே போய்விடுகிறார்.

உயிர்கள் போன பிறகு வந்த விதிகள்

1997ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடைப் பிரிவுக்காக எடையைக் குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர். வியர்வை வெளியேறாத உடையை அணிந்து, சூடான அறையில் கடும் பயிற்சி செய்து, நீரை இழந்ததே காரணம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. இரண்டு நாளில் மூன்று கிலோ குறைகிறது என்றால் போவது பெரும்பாலும் நீர்தான்.

அதன் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதிகளை மாற்றியது. பருவத்தின் தொடக்கத்தில், முதலில் சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருப்பதை உறுதிசெய்த பிறகே கொழுப்பு அளக்கப்படும். 5 விழுக்காட்டுக் கொழுப்பு மிஞ்சும் எடைக்குக் கீழே யாரும் போட்டியிட முடியாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக்கூடாது. உயர்நிலைப் பள்ளிகளில் அந்த எல்லை ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 12 விழுக்காடு.

இந்த விதிகளில் கொழுப்பு விழுக்காடு, "இதற்குக் கீழே போகாதே" என்று தடுக்கும் வேலியாகப் பயன்படுகிறது. பல ஜிம்களிலும் திடல்களிலும் அதே எண், "இதற்கு இறங்கி வா" என்று விரட்டும் கோலாகப் பயன்படுகிறது. பிழை உள்ள எண்ணை வேலியாக வைத்தால் கேடு குறைவு. டேக்வாண்டோ, குத்துச்சண்டை, பளுதூக்குதல், எடை வரம்பு உள்ள கபடி ஆகியவற்றில் பிள்ளைகளை இறக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பயிற்சிக்கு ஏற்ற உணவு கிடைக்காமல் உடல் நெடுநாள் ஆற்றல் பற்றாக்குறையில் இருந்தால் ஏற்படும் பாதிப்புகளை அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014இல் ஒரே பெயரின் கீழ்த் தொகுத்து, 2018இலும் 2023இலும் திருத்தி வெளியிட்டது. பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது, எலும்பில் அடிக்கடி விரிசல் விழுவது, ஓயாத சோர்வு, அடிக்கடி காய்ச்சல், எரிச்சல், தேர்ச்சி குறைவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஆண்களுக்கும் இது வரும். "நன்றாகப் பயிற்சி செய்கிறாள், அதனால்தான் மாதவிடாய் வரவில்லை" என்று விட்டுவிடக்கூடாது. மூன்று மாதம் தவறினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, உடற்கொழுப்பை அளக்க வேண்டாம் என்பதே 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளின் போக்கு. வளரும் உடம்புக்குச் சூத்திரமும் சரியாக வராது, அந்த எண் பிள்ளையின் மனத்தில் விதைக்கும் பயமும் எளிதில் போகாது. அணியினர் முன்னால் நிறுத்தி அளப்பதும், எண்களைச் சுவரில் ஒட்டுவதும் அறவே கூடாது.

அளப்பதாக இருந்தால்

வயது வந்த விளையாட்டாளர் தம் பயிற்சியின் பலனைப் பார்க்க விரும்பினால், கீழ்க்காணும் முறை உதவும்.

• ஒரே முறையைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிலைத்திருக்க வேண்டும். தராசு என்றால் அதே தராசு, கேலிப்பர் என்றால் அதே ஆள், டெக்ஸா என்றால் அதே கருவி.

• காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, தேநீரோ மைலோவோ குடிப்பதற்கு முன் அளப்பது நல்லது. முந்திய நாள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, வழக்கம்போல் தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

• தோல் மடிப்பு முறையில் விழுக்காட்டைக் கேட்காமல் மில்லிமீட்டர் கூட்டுத்தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அளப்பவர் பயிற்சி பெற்றவரா என்பதையும் விசாரிக்கலாம். ஈரமான தோலிலும் பயிற்சி முடிந்த உடனேயும் அளக்கக்கூடாது.

• தினமும் அளப்பதில் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஒரு விழுக்காடு ஏறுவதையும் இறங்குவதையும் மாற்றமாக எண்ண வேண்டியதில்லை.

• எண்ணைத் தனியாகப் பார்க்காமல், ஓடும் நேரம், தூக்கும் எடை, தூக்கம், பசி, உடல்நலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழுப்பு குறைந்து ஓட்டமும் மெதுவானால் அது முன்னேற்றம் இல்லை.

• இலக்கு எடையை ஒரே அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. பிழையின் இரு எல்லைகளையும் போட்டுப் பார்த்து, பாதுகாப்பான பக்கத்து எடையை எடுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் ஆலோசனை கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை யாராவது ஒரு சீட்டில் கொழுப்பு விழுக்காட்டை எழுதிக் கொடுத்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த முறையில் அளந்தீர்கள்? அதில் எவ்வளவு முன்பின் இருக்கும்? சென்ற முறையும் இதே முறையில், இதே நேரத்தில் அளந்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவர் கொடுத்த எண்ணுக்காக ஒரு பிள்ளையின் தட்டில் உள்ள சோற்றைக் குறைக்க வேண்டாம்.